ஒரே கணத்தில் ஆயிரம் கண்கள்

சென்ற திங்கள் நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது, மண்டபத்து விளக்குகள் ஒருமுறை மங்கி, உடனே பழைய ஒளியைப் பெற்றன. ஒரு விநாடியும் சென்றிராது. சொற்பொழிவாளர் பேச்சை நிறுத்தவில்லை. பாயில் உறங்கிய குழந்தையும் விழிக்கவில்லை. கூட்டம் கலைந்த பின்னர், வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து சந்திரகிரியில் நெடுங்காலமாகக் கடை வைத்திருக்கும் அன்பர் ஒருவர் நம்மை வாயிற்படியில் நிறுத்தினார்.

"ஐயா, ஒரு சந்தேகம். 2012ஆம் ஆண்டில் வடநாடு முழுதும் இருளில் மூழ்கியபோது நம் பக்கத்தில் விளக்கு எரிந்தது. அப்போது நாம் தனியாக இருந்தோம் என்றார்கள். அடுத்த ஆண்டே நம்மையும் அவர்களோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். தனித்திருந்து பிழைத்தவனைக் கூட்டத்திலே சேர்த்தது நன்மைதானா?"

விளக்கு மங்கியதற்கு விடை எளிது. அருகிலுள்ள ஏதேனும் ஒரு கம்பியில் பழுது நேர்ந்து, அக்கம்பி துண்டிக்கப்படும் வரையில் அக்கம்பக்கமெங்கும் மின்னழுத்தம் தாழ்வதுண்டு. ஆனால் அன்பரின் இரண்டாவது கேள்வி எளிதன்று. ஊரை விட்டு வந்து, பிற மொழியாரோடு கலந்து வாழும் நம் போன்ற குடும்பங்கள் வேறு வகையில் பலமுறை கேட்டுக்கொண்ட கேள்வியும் அதுவே. ஆகவே இம்மாதம் அதனையே எடுத்துக்கொண்டோம்.

கம்பி வழியே ஓர் உறவு

சித்தூர்ச் சாலையிலும் காட்பாடிச் சாலையிலும் பயணம் செய்வோர் வயல்களுக்கு மேலே வரிசையாக நிற்கும் பெரும் இரும்புக் கோபுரங்களைக் கண்டிருப்பார்கள். காட்பாடியை அடுத்த திருவலத்தில் 765 கிலோவோல்ட் துணைமின் நிலையம் ஒன்று இருக்கிறது. ஆந்திரத்திலிருந்து வரும் பெருங்கம்பிகள் அங்கே தமிழ்நாட்டின் கம்பிகளோடு கைகோக்கின்றன. நம் உறவினர் தாம் ரயிலேறி இருபுறமும் போய் வருகின்றனர் என்பதில்லை. மின்சாரமும் அவ்வாறே போய் வருகிறது.

இவ்வாறு பின்னிக் கிடக்கும் கம்பிகளும், மின்னாக்கிகளும், துணைமின் நிலையங்களும் சேர்ந்ததே மின்தொகுப்பு. கிரிட் என்று பொறியாளர் கூறுவது இதனைத்தான். இதன் தலையாய விதி ஒன்று உண்டு. மின்சாரத்தைப் பேரளவில் சேர்த்து வைப்பது அரிது. அந்தந்தக் கணத்திலே எவ்வளவு தேவையோ அவ்வளவும் அந்தந்தக் கணத்திலேயே உண்டாக்கப்பட வேண்டும். தேவை மிகுந்தால், மேட்டில் பாரவண்டி இழுக்கும் காளைகள் நடை தளர்வதைப் போல மின்னாக்கிகளின் சுழற்சி தளரும்; தேவை குறைந்தால் இறக்கத்தில் ஓடும் காளைகளைப் போல விரையும். இந்நடையின் கணக்கே அதிர்வெண். நம் நாட்டில் அது விநாடிக்கு 50 முறை. 49.90க்கும் 50.05க்கும் இடையே அது நிற்க வேண்டும் என்பது இன்றைய விதி.

இருண்ட இரண்டு நாட்கள்

2012ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள், பின்னிரவு 2 மணி 33 நிமிடம். மத்தியப் பிரதேசத்தின் பீனாவையும் குவாலியரையும் இணைக்கும் 400 கிலோவோல்ட் கம்பி துண்டித்துக்கொண்டது. கம்பி அறுந்து விழவில்லை, மரம் சாயவுமில்லை. அதன் வழியே மிகையான பாரம் சென்றதைப் பழுது என்று காவற்கருவி கருதிவிட்டது. வடக்கே தேவை மிகுதி, மேற்கே மிச்சம் மிகுதி. இடையிலே கம்பிகளோ சில. ஒன்று விலகியதும் அதன் பாரம் மற்றவற்றின்மேல் விழுந்தது, அவையும் விலகின. வடமண்டலம் இருண்டது. அரும்பாடுபட்டு அதை மீட்டனர். ஆனால் மறுநாள் பிற்பகல் 1 மணியளவில் அதே கதை மேலும் பெரிதாக நிகழ்ந்தது. வடக்கு, கிழக்கு, வடகிழக்கு ஆகிய மூன்று மண்டலங்களும் வீழ்ந்தன. ஏறத்தாழ 48,000 மெகாவாட் மறைந்தது. அந்நிலப்பரப்பில் வாழ்ந்தோர் 60 கோடி மக்கள். ரயில்கள் பாதி வழியில் நின்றன. வங்காளத்து நிலக்கரிச் சுரங்கங்களில் இறங்கியிருந்த தொழிலாளர் மேலேறி வரவியலாது தவித்தனர்.

தென்மண்டலத்துக்குத் தீங்கில்லை. காரணம், அன்று தென்னாடு பிற மண்டலங்களோடு நேர்மின்சாரக் கம்பிகளாலும் நிலையங்களாலும் மட்டுமே இணைந்திருந்தது. ஒரிஸாவின் தால்சேரிலிருந்து நம் அண்டை ஊராகிய கோலாருக்கு 2003ஆம் ஆண்டு முதல் மின்சாரம் கொண்டுவரும் நீண்ட கம்பி அத்தகையதே. அதன் வழியே மின்சாரம் வரும். ஆனால் ஒருவருடைய நடை மற்றவரைத் தொடாது. சுவருக்கு அப்பாலிருந்து பலகணி வழியே சாமான் வாங்குவதைப் போன்றது அது. அண்டை வீட்டில் சச்சரவு எழுந்தாலும் நம் வீடு அசையாது.

அப்படியாயின் ஏன் சேர்ந்தோம்? அந்த 2012இல் தமிழ்நாட்டில் நம் உறவினர் பட்ட பாட்டை நினைவு கூர்ந்தால் விடை கிடைக்கும். பல மாவட்டங்களில் நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டு. விசைத்தறி நின்றது, பம்புசெட்டு நின்றது, தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் மெழுகுவத்தி ஏற்றினர். வேறிடங்களில் மின்சாரம் மிஞ்சியிருந்தும் அதைக் கொண்டுவரப் பலகணி போதவில்லை. தனித்திருந்தவர் இருண்டு போகவில்லை என்பது மெய். ஆனால் அன்றாடம் அரைவயிறு உண்டனர் என்பதும் மெய்யே.

2013ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள், ராய்ச்சூருக்கும் சோலாப்பூருக்கும் இடையே 765 கிலோவோல்ட் கம்பி இணைக்கப்பட்டது. அன்று முதல் காஷ்மீரத்து மின்னாக்கியும் கன்னியாகுமரி மாவட்டத்து மின்னாக்கியும் ஒரே நடையில் சுழல்கின்றன. பலகணி போய் வாயிற்கதவு வந்தது. கதவு வந்தால் உறவும் வரும். உறவோடு பொறுப்பும் வரும்.

ஈரப் புடவையின் முறுக்கு

இனி நம் கட்டுரையின் உட்பொருளுக்கு வருவோம். இரு பெண்டிர் ஓர் ஈரப் புடவையின் இரு முனைகளையும் பற்றிப் பிழிவதைப் பார்த்திருக்கிறோம். முறுக்கு மிகுந்தால் விசை மிகும். ஓரளவுக்கு மேல் முறுக்கினால் புடவை கையைவிட்டு நழுவும், அல்லது கிழியும். மின்கம்பியும் இத்தகையதே. சென்னைப் பக்கத்து மின்னாக்கியும் சத்தீஸ்கர்ப் பக்கத்து மின்னாக்கியும் ஒரே வேகத்தில் சுழன்றாலும், ஒன்று மற்றொன்றைக் காட்டிலும் சற்று முந்தி நிற்கும். அந்த முந்துதலே கோண வேறுபாடு. கோணம் எவ்வளவோ, அதற்கேற்பவே அக்கம்பி வழியே மின்னாற்றல் செல்லும். கோணம் 90 பாகையை நெருங்கினால் பிடி நழுவும். ஆகவே பொறியாளர் அதற்கு வெகு தூரத்திலேயே நிறுத்தி வைப்பர்.

ஆகவே ஒரு தொகுப்பின் உடல்நலத்தை அறிய விரும்பும் வைத்தியர் முதலில் பார்க்க வேண்டிய நாடி இந்தக் கோணமே. விந்தை யாதெனில், நெடுங்காலம் அதனை நேரே பார்க்க வழியில்லாதிருந்தது. கட்டுப்பாட்டு நிலையங்களுக்குச் செய்திகள் சில விநாடிகளுக்கு ஒருமுறைதான் வந்தன. மின்னழுத்தம் இவ்வளவு, மின்னோட்டம் இவ்வளவு என்று அவை சொல்லும். கோணத்தைக் கணக்கிட்டு ஊகித்தே அறிய வேண்டும். விநாடிக்கு 50 முறை சுழலும் ஒன்றை ஐந்து விநாடிக்கு ஒருமுறை பார்ப்பது, தேரோட்டத்தைக் கதவிடுக்கில் அவ்வப்போது எட்டிப் பார்ப்பது போலத்தான்.

கடிகாரத்தின் கதை

கோணத்தை அளக்க வேண்டுமானால் இரு முனைகளையும் ஒரே கணத்தில் பார்க்க வேண்டும். ஒரு சுற்றுக்கு ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு. அதாவது 20 மில்லி விநாடி. அதற்குள் 360 பாகை சுழன்றுவிடுகிறது. இரு ஊர்க் கடிகாரங்களும் ஒரே ஒரு மில்லி விநாடி மாறுபட்டால் அளவில் 18 பாகை பிழையாகும். மெய்யான கோணத்தைப் பிழையே விழுங்கிவிடும்!

இதன் அருமையை அமெரிக்கா ஒரு பெரும் இழப்பின் பின்னரே நன்குணர்ந்தது. 2003ஆம் ஆண்டு ஆகஸ்டு 14ஆம் நாள் அந்நாட்டின் வடகிழக்குப் பகுதியும் கனடாவின் ஒரு பகுதியும் இருண்டன. 5 கோடி மக்கள் அவதியுற்றனர். காரணத்தை ஆராயப் புகுந்தோர் ஆயிரக்கணக்கான பதிவுகளைத் திரட்டினர். எது முன், எது பின் என்று அடுக்க முயன்றபோதுதான் இடுக்கண் தெரிந்தது. பதிவுக் கருவிகள் பலவற்றின் கடிகாரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப் போகவில்லை. சாட்சிகள் பலர் இருந்தும், ஒவ்வொருவரும் வெவ்வேறு கடிகாரம் பார்த்துச் சொன்னால் நீதிபதி என் செய்வார்? அவற்றை ஒழுங்குபடுத்தவே அவர்களுக்கு மிகுந்த காலமும் உழைப்பும் செலவாயின.

இந்நோய்க்கு மருந்து அதற்கு முன்பே பிறந்திருந்தது. கரக்பூர் ஐ.ஐ.டி.யில் 1959இல் பட்டம் பெற்று அமெரிக்கா சென்ற அருண் ஃபட்கே என்னும் அறிஞரும், ஜேம்ஸ் தார்ப் என்பவரும், அவர்தம் துணைவர்களும் உழைத்ததன் பயனாக 1988ஆம் ஆண்டு வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் ஒரு கருவி உருவாயிற்று. அதனைப் பொறியாளர் பி.எம்.யூ. என மூன்றெழுத்தில் அழைப்பர். ஒத்தநேரக் கோணமானி என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். வானத்திலே சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக் கோள்கள் அணுக் கடிகாரங்களைச் சுமந்து செல்கின்றன. அவை அனுப்பும் நேரத்தைத் தரையிலுள்ள கருவி பெற்றுக்கொண்டு, தான் எடுக்கும் ஒவ்வோர் அளவின்மீதும் அக்கணத்தின் முத்திரையைக் குத்துகிறது. பிழை ஒரு மைக்ரோ விநாடிக்குள் அடங்கும். அதாவது ஒரு பாகையில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. பின்னர், எந்த ஊரிலிருந்து எவ்வளவு தாமதமாகச் செய்தி வந்தாலும் கவலையில்லை. ஒரே முத்திரையுள்ள அளவுகளை ஒருங்கு சேர்த்துப் பார்த்தால், அக்கணத்தில் நாடு முழுதும் நின்ற நிலை படம் பிடித்தாற்போலத் தெரியும். ஃபட்கேயும் தார்ப்பும் 2008ஆம் ஆண்டு பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பதக்கம் பெற்றனர்.

நம் நாட்டில் 2010ஆம் ஆண்டு வடமண்டலத்தில் நான்கே நான்கு கருவிகளோடு இம்முயற்சி தொடங்கிற்று. 2012 விபத்தை ஆராய்ந்த குழு, இக்கருவிகளைப் போதிய அளவு நிறுவி, தொகுப்பைக் கணந்தோறும் காணச் செய்ய வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அதன்பின் பவர்கிரிட் நிறுவனம் நாடளாவிய திட்டமொன்றை மேற்கொண்டது. முதற்கட்டமாக 351 நிலையங்களுக்கு 1186 கருவிகள் வகுக்கப்பட்டன. அவை விநாடிக்கு 25 முறை பார்த்துச் செய்தி அனுப்புபவை. அச்செய்திகளை ஆராயும் முறைகளை வகுப்பதில் பம்பாய் ஐ.ஐ.டி. துணை நின்றது. நம் தென்மண்டலத்தின் நாடியைப் பிடித்துப் பார்க்கும் இடம் பெங்களூரிலுள்ள மண்டலச் சுமை பகிர்வு மையம். அதற்கு மேலே டில்லியில் தேசிய மையம். இந்திரனுக்கு ஆயிரங்கண் என்பர். இத்தொகுப்புக்கும் இப்போது ஆயிரங்கண் வாய்த்திருக்கிறது.

நம் வானமும் இதில் உண்டு

இவையெல்லாம் டில்லியிலும் அமெரிக்காவிலும் நடப்பவை, சந்திரகிரிக்கு இதில் என்ன பங்கு என்று நேயர்கள் கேட்கலாம். பங்கு உண்டு, அதுவும் சிறிய பங்கன்று.

சந்திரகிரியிலிருந்து சித்தூர் செல்லும் வழியிலே காதங்கி என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கே விண்வெளித் துறையைச் சார்ந்த தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக்கூடம் அமைந்துள்ளது. 32 வரிசைகளில் வரிசைக்கு 32ஆக, மொத்தம் 1024 ஏரியல்கள் ஒரு பெருந்தோட்டம் போல் நிற்கும் ராடார் அங்கே வானத்தை ஆராய்கிறது. அது ஆராயும் பொருள்களில் ஒன்று அயனி மண்டலம். தரைக்கு மேலே ஏறத்தாழ நூறு கிலோமீட்டரிலிருந்து பல நூறு கிலோமீட்டர் வரை பரவிய, மின்னேற்றம் பெற்ற வாயுப் பரப்பு. செயற்கைக் கோளின் நேரச் செய்தி நம்மை அடைய அதைக் கடந்தே வர வேண்டும். நிலநடுக்கோட்டுக்கு அணித்தாயுள்ள நம் நாட்டில், ஞாயிறு மறைந்த பின் அப்பரப்பில் குமிழிகள் போன்ற வெற்றிடங்கள் எழுவதுண்டு. விண்மீன் மினுக்குவதைப் போலவே அப்போது கோளின் செய்தியும் மினுக்கும். சில வேளைகளில் தடைப்படவும் செய்யும். மாலையிலே விளக்கேற்றும் நேரத்திலும் நாட்டின் மின்தேவை ஓங்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். கடிகாரம் தடுமாறினாலும் சிறிது நேரம் தன் சொந்த ஓட்டத்தில் பிழையின்றி நடக்கவல்ல நல்ல கடிகாரங்களைக் கருவியோடு பொருத்துவது இதனாலேதான்.

இன்னுமொன்று. சந்திரகிரி உள்ளிட்ட திருப்பதி மாவட்டம் 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் உருவானபோது ஸ்ரீஹரிகோட்டாவும் அதனுள் அடங்கிற்று. இந்தியா தனக்கெனச் செலுத்திய வழிகாட்டிக் கோள்களில் முதலாவது 2013ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் அங்கிருந்தே புறப்பட்டது. பிற நாட்டிலிருந்து வாங்கிப் பொருத்திய அதன் அணுக் கடிகாரங்கள் சில ஆண்டுகளிலேயே பழுதுற்றன. பின்னர், 2023ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் புறப்பட்ட கோளில் நம் நாட்டிலேயே செய்த அணுக் கடிகாரம் சென்றது. நேரத்துக்கும் பிறர் கையை எதிர்பார்த்து நிற்பது ஒரு நாட்டுக்குத் தக்கதன்று என்பதை அனுபவம் கற்பித்தது.

கண்டால் மட்டும் போதுமா?

நற்பயனுக்கு ஓர் உதாரணம் கூறுவோம். 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் இரவு 9 மணிக்கு, நோய்க்காலத்தில், நாடு முழுதும் ஒன்பது நிமிடம் மின்விளக்கை அணைத்து அகல் ஏற்றியது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். நமக்கு அது அகல் விளக்கு. சுமை பகிர்வு மையத்தாருக்கோ அக்கினிப் பரீட்சை. சில நிமிடங்களில் சுமார் 31,000 மெகாவாட் தேவை மறைந்து, பின்னர் அவ்வாறே மீண்டும் எழுந்தது. நீர்மின் நிலையங்களைத் தாழ்த்தியும் உயர்த்தியும் ஈடுகொடுத்தனர். அதிர்வெண் 49.70க்கும் 50.26க்கும் இடையிலேயே நின்றது. ஒரு மண்டலமும் வீழவில்லை.

பெருந்தொகுப்புகளுக்கு மற்றொரு நோயும் உண்டு. வடக்கிலுள்ள மின்னாக்கிகள் ஒரு கூட்டமாகவும் தெற்கிலுள்ளவை ஒரு கூட்டமாகவும் நின்று, ஊஞ்சல் போல ஒன்றையொன்று மெல்ல முன்னும் பின்னும் தள்ளும். இவ்வாட்டம் தானே அடங்கினால் நலம், வளர்ந்தால் கேடு. 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் அமெரிக்காவின் மேற்குப் பகுதி இவ்வாறே சிதறியது. ஏட்டுக் கணக்கு தொகுப்பு நிலையாக நிற்கும் என்றது. மெய்யான பதிவுகளோ வளர்ந்து வந்த ஊசலாட்டத்தைக் காட்டின. பழைய முறையில் சில விநாடிக்கு ஒருமுறை பார்ப்பவனுக்கு இவ்வாட்டம் தெரியவே தெரியாது. விநாடிக்கு 25 முறை பார்க்கும் கண்ணுக்கே தெரியும்.

ஆயினும் கண் இருந்தால் மட்டும் காப்பு வந்துவிடாது. 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் நண்பகலுக்குப் பின் ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருண்டன. வீழ்ச்சிக்கு முந்திய அரைமணியில் இருமுறை ஊசலாட்டம் எழுந்தது, அதைக் கண்டனர், அடக்கவும் செய்தனர். ஆனால் அடக்குவதற்குச் செய்த செயல்கள் மின்னழுத்தம் உயர்வதற்கும் இடந்தந்தன. அழுத்தம் எல்லை மீறவே மின்னாக்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக விலகின. சில விநாடிகளில் எல்லாம் முடிந்தது. நம் 2012ஆம் ஆண்டிலும் குறை கண்ணில் மட்டும் இருக்கவில்லை. தமக்குரிய பங்குக்கு மேல் மின்சாரம் எடுத்தவர்கள் குறைக்கச் சொல்லியும் போதிய அளவு குறைக்கவில்லை. அதிர்வெண் தாழும்போது சுமையைத் தானே கழற்றிவிட வேண்டிய காவற்கருவிகளும் எதிர்பார்த்தபடி உதவவில்லை. கண் காட்டும், கை செய்ய வேண்டும், மனம் ஒழுங்குக்கு உட்பட வேண்டும்.

அன்பருக்கு மறுமொழி

வாயிற்படியில் நம்மை நிறுத்திய அன்பருக்கு இப்போது விடை சொல்லலாம்.

தனித்திருந்ததில் ஒரு காப்பு இருந்தது, அதை மறுக்கமாட்டோம். சேர்ந்ததில் ஓர் அபாயமும் உண்டு, அதை மறைக்கவும்மாட்டோம். ஆனால் தெற்கே காற்று ஓய்ந்து ஆரல்வாய்மொழிக் காற்றாலைகள் அசையாது நிற்கும் நாளில் சத்தீஸ்கரின் நிலக்கரி நமக்கு உதவுகிறது. ஆடி மாதத்துக் காற்றில் அவை சுழன்று மிஞ்சும் நாளில் நம் மின்சாரம் வடக்கே போகிறது. சேர்ந்தது நன்மையே, ஆனால் ஒரு நிபந்தனையோடு. சேர்ந்தவர் ஒருவரையொருவர் இமைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே கடிகாரத்துக்குக் கட்டுப்பட வேண்டும். தம் பங்குக்கு மேல் கை நீட்டலாகாது. கண்ணின்றிச் சேர்வது மடமை. கண்ணோடு சேர்வது வாழ்வு.

விஜயநகரத்து அரசர் கடைசியாக வீற்றிருந்த தலைநகரங்களுள் ஒன்றாகிய இச்சந்திரகிரியில், தெலுங்கும் தமிழும் ஒரே தெருவில் ஒலிக்க நாம் வாழ்கிறோம். சேர்ந்து வாழ்தலின் நிபந்தனைகளை யாரும் நமக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டுவதில்லை.

நம் சங்கத்து இளைஞர்களுக்கு ஒரு சொல். திருப்பதியில் 1954 முதல் ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகமும், 2015 முதல் ஐ.ஐ.டி.யும் இருக்கின்றன. காதங்கியின் ராடார் நம் வழியோரத்திலேயே நிற்கிறது. மின்சாரமும் வானமும் கடிகாரமும் சந்திக்கும் இத்துறையில் கற்க வேண்டியவை ஏராளம். காக்க வேண்டிய வீடுகளோ கோடிக்கணக்கு. அடுத்த முறை மண்டபத்து விளக்கு மங்கி மீளும்போது, அது ஏன் மங்கிற்று, யார் அதை மீட்டார் என்று நம் பிள்ளைகளில் ஒருவர் எழுந்து சொல்லக் கேட்க வேண்டும் என்பதே நம் ஆசை.